காதோரத் துளை வீங்கியிருக்கும்போதே கத்தி வைக்கச் சம்மதிக்காதீர்கள்

என் மகளுக்கு இடது காது முகத்தோடு சேரும் இடத்தில் ஊசி குத்தியது போல ஒரு துளை, பிறந்ததிலிருந்தே. எனக்கும் உண்டு. எனக்கு ஒரு நாளும் தொந்தரவு தந்ததில்லை என்பதால் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு 9 வயதில் அது சிவந்து வீங்கியது.

முதலில் பார்த்தவர் பரு என்று சொல்லிப் பிதுக்கி அனுப்பினார். மூன்றே வாரத்தில் சீழ் கட்டி மறுபடி வந்தது. அடுத்த மருத்துவர் கீறிச் சீழை எடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிவப்புகூட வடியாத அதே வாரத்தில், "துளையையே எடுத்துடலாம், 15 நிமிஷ வேலை" என்றார். நம்பிச் சம்மதித்தேன். இரண்டு மாதத்தில் தையலை ஒட்டியே வீக்கம். ஏன் என்று கேட்டதற்கு, நாங்கள் புண்ணைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லையாம். வேளை தவறாமல் மருந்து போட்ட எனக்கு அந்தப் பதில்தான் இன்னும் ஆறவில்லை.

அப்புறம்தான் ஒரு காது மூக்கு தொண்டை அறுவை நிபுணரிடம் போனோம். கருவில் 6-வது வாரம் வாக்கில் ஆறு சிறு மேடுகள் சேர்ந்து காது மடல் உருவாகிறதாம். அவை சரியாக ஒட்டாத இடத்தில் மிஞ்சுவதுதான் இந்தத் துளை; ப்ரீஆரிகுலர் சைனஸ் என்று பெயர். வெளியே தெரிவது வாய் மட்டும். உள்ளே தோல் படர்ந்த குழாய், சில சமயம் கிளை விட்டு, காதுக் குருத்தெலும்பு வரை போகும். அந்தத் தோலில் துளி மிஞ்சினாலும் கழிவு சேர்ந்து மறுபடி சீழ் பிடிக்கும். முன்னவர் எடுத்தது வாயை மட்டும்தான்.

சீழ் இருக்கும்போது ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் ஊசியால் உறிஞ்சி எடுப்பது, அதற்கும் அடங்காவிட்டால்தான் கீறுவது. குழாயை எடுப்பது எல்லாம் ஆறிய பிறகே என்றார் அவர். சொன்னபடியே காத்திருந்து, கீறலைக் காதுக்கு மேல் வரை நீட்டி, துண்டு குருத்தெலும்போடு முழுவதும் எடுத்தார். பழைய தழும்புக்குள் குழாய் எது, சதை எது என்று பிரித்தறியவே நேரம் பிடித்ததாம்.

தொந்தரவில்லாத துளைக்கு வைத்தியமே வேண்டாம். நோண்டவோ பிதுக்கவோ வேண்டாம். வீங்கி வந்தால், "குழாயை முழுசா எடுப்பீங்களா, எப்போ எடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். துளை காது மடலுக்குக் கீழே, தாடைப் பக்கம் இருந்தால் அது வேறு வகையாக இருக்கலாம். முகநரம்பு பக்கத்திலேயே ஓடும் இடம் அது. அனுபவமுள்ள நிபுணரைத் தவிர யாரையும் தொட விடாதீர்கள்.