மின்நூல் கருவியோடு ஆறு வருடம்: கருவி சரி, பூட்டுதான் தகராறு

2019-ல் வாங்கிய மின்நூல் கருவி, இன்னும் உழைக்கிறது. எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. தருமபுரியில் வீடு, கிருஷ்ணகிரியில் வேலை, காரிமங்கலம் காவேரிப்பட்டணம் வழியாகப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே அளவு. உட்கார இடம் கிடைத்தால் நாற்பது பக்கம் ஓடும். நின்றுகொண்டு போனால் ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் கருவி, இருபது பக்கம்.

கருவியில் பெரிய குறை இல்லை. ஜன்னலோர வெயிலிலும் எழுத்து பளிச்சென்று தெரியும், கண் வலிக்காது. முதலில் மூன்று வாரம் நின்ற சார்ஜ் இப்போது எட்டு நாள்தான் நிற்கிறது, சரி, வயசாகிவிட்டது. இரண்டு முறை பஸ் படியில் விழுந்தும் மூலையில் ஒரு கீறலோடு தப்பியது. பழைய மைக்ரோ யூஎஸ்பி ஒயரைத் தனியாகத் தூக்கித் திரிவது மட்டும் எரிச்சல்.

அந்த நிறுவனத்தின் மின்நூல் கடையில் நாலு வருடத்தில் 130 புத்தகம் வாங்கினேன். அப்புறம் அப்பாவுக்கு கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் வந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு காலத்தில் பொடி எழுத்து முகவரியைத் தெருவிளக்கில் படித்தவர், இப்போது செய்தித்தாள் தலைப்பே தெரிவதில்லை. ஒரு நாள் கேட்டார், "ஏன்டா, போன்ல ஒரு பொண்ணு குரல் எல்லாத்தையும் படிக்குதே, உன் புஸ்தகத்தப் படிக்காதா?"

படிக்காது. என் கருவியில் ஸ்பீக்கரே இல்லை. அவர்களுடைய செயலியைப் போனில் போட்டால் புத்தகம் திறக்கிறது, ஆனால் தமிழ்க் குரல் வாயைத் திறக்கவில்லை. கோப்பை வேறு வாசிப்புச் செயலிக்கு மாற்றிப் பார்த்தேன், வேறெங்கும் திறக்காதபடி கோப்பில் போட்டிருக்கும் டிஜிட்டல் பூட்டு விடவில்லை. வாடிக்கையாளர் சேவையில் மூன்று பேரிடம் பேசினேன், மூவரும் ஒரே வரியை ஒப்பித்தார்கள்: காப்புரிமை காரணமாக முடியாது.

அந்தக் கோபத்தில்தான் சட்டத்தையே எடுத்துப் படித்தேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தியிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளி ஒருவர் படிக்க வசதியான வடிவில் ஒரு நூலை லாப நோக்கமில்லாமல் மாற்றுவது மீறலே இல்லை என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. அதே திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் வேறு என்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சட்டம் தடுக்காத காரியத்துக்காக நான் பூட்டை உடைக்க இன்னொருவர் உதவினால், அவர் என் பெயர், முகவரி எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்க வேண்டுமாம். நாலு ரோடு பக்கத்து மொபைல் கடைத் தம்பி இதற்கென்று ஒரு நோட்டுப் போட்டு எழுதுவதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

ஆக, நான் படித்துப் புரிந்துகொண்ட வரை சட்டம் அப்பாவுக்குக் குறுக்கே நிற்கவில்லை. பூட்டுக்கு அது தெரியாது, அது அப்பாவையும் திருட்டுப் பிரதி விற்பவனையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. போதாததற்கு, பூட்டில் கை வைத்தால் கணக்கையே மூடலாம் என்று நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கணக்கு போனால் 130 புத்தகமும் போச்சு. வாங்கும்போது பொத்தானில் 'வாங்கு' என்றுதான் இருந்தது, ஒப்பந்தத்தைப் படித்தால் அது வெறும் உரிமம். நான் கருவி வாங்கிய அதே 2019-ல்தான் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள் ஜூலையோடு திறக்காமல் போயின. அந்தச் செய்தியை அன்றே படித்தேன். நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

இப்போது அப்பாவுக்கு ஓடுவது பூட்டில்லாத கோப்புகள். தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளங்களிலிருந்து இறக்கிய இபப் (EPUB) என்ற மின்நூல் கோப்பைப் போனில் போட்டால் குரல் தானாகப் படிக்கிறது. நாவல் என்றால் ஓரளவு நன்றாகவே படிக்கும். சங்கப் பாடல் என்றால் பின்கோடு வாசிப்பது போல் இருக்கும், நம்ம ஊர் அதியமானை ஔவை பாடியதைக் கேட்டுவிட்டு அப்பா அணைக்கச் சொல்லிவிட்டார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமையான நூல்கள் ஏராளமாக இருக்கின்றன, பூட்டும் கிடையாது. ஆனால் நான் இறக்கியவை பெரும்பாலும் பக்கங்களைப் படம் பிடித்த பிடிஎஃப், குரலுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. முதலில் படத்திலிருக்கும் எழுத்தை அடையாளம் கண்டு உரையாக்கும் எழுத்துணரியில் (OCR) போட்டு எடுக்க வேண்டும், அதில் வரும் பிழைகளைத் திருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது.

புதிய புத்தகம் என்றால் இப்போது பதிப்பாளரிடமே கேட்டுவிடுகிறேன், பூட்டில்லாத இபப் தருவீர்களா என்று. இதுவரை இரண்டு பேர் தந்திருக்கிறார்கள். இல்லையென்றால் தாளில் வாங்கி இரவு நானே வாசித்துக் காட்டுகிறேன், பாதியில் தூங்கிவிடுவது பெரும்பாலும் நான்தான்.

கருவிக்குப் பத்துக்கு எட்டு. அந்த மின்நூல் கடைக்கு மூன்று, அதுவும் விலை குறைவு என்பதற்காக.