கோபுரக் கடிகாரத்துக்கு எண்ணெயா, கிரீஸா?

பழைய கோபுரக் கடிகாரத்தை வீட்டில் வைத்து ஓட்டுபவர்களுக்கு அடிக்கடி வரும் குழப்பம் இது.

ஓட்டம்: எண்ணெய் சக்கர அச்சின் முனைக்கும் அது சுழலும் துளைக்கும் நடுவே தானாக இறங்கும். கிரீஸ் வைத்த இடத்திலேயே நிற்கும். குளிரில் இறுகி, ஊசலுக்குப் போக வேண்டிய விசையைத் தின்றுவிடும்.

நீடிப்பு: எண்ணெய் வழிந்து காயும், அடிக்கடி பார்க்க வேண்டும். கிரீஸ் அதிக நாள் தாங்கும்.

செலவு: தேவைப்படுவதே கொஞ்சம்தான், விடுங்கள்.

தூசி: இரண்டுமே பிடிக்கும். உலோகத் தூளும் சேர்ந்தால் கருப்புக் குழம்பாகி அச்சையே அராவும். அதன்மேல் புது எண்ணெய் விடுவது வீண். அச்சைக் கழற்றிவிட்டு, துளையில் கூரான மரக்குச்சியை விட்டுத் திருகுங்கள். முனை கறுக்காமல் வரும்வரை குச்சியைச் சீவிச் சீவித் திருகவேண்டும்.

ஆக, அச்சு முனைகளுக்கும் ஊசலைத் தள்ளும் கொக்கிகளுக்கும் கடிகார எண்ணெய், அதுவும் சற்றுக் கெட்டியானது. எடை தொங்கும் இரும்புக் கயிறு, சாவி கொடுக்கும் பகுதி ஆகியவற்றுக்கு மெல்லிய கிரீஸ். சக்கரப் பற்களுக்கு? இரண்டுமே வேண்டாம். சமையல் எண்ணெயை எதற்கும் தொடாதீர்கள், பிசினாகிவிடும்.