டபிள்யூசஸ் சர்வரின் கோப்புகளை இடம் மாற்றும் மூவ்கன்டென்ட்: ஒரு மதிப்புரை

அலுவலகக் கணினிகளுக்கு விண்டோஸ் அப்டேட்டுகளை ஒரே இடத்திலிருந்து வழங்கும் டபிள்யூசஸ் சர்வரை நிறுவும்போது, அப்டேட் கோப்புகளை எந்த டிரைவில் சேமிப்பது என்ற கேள்விக்குப் பலரும் யோசிக்காமல் சி டிரைவையே விடையாகத் தந்துவிடுகின்றனர். அந்த டிரைவ் நிரம்பி, சர்வரே தடுமாறும் நிலை வந்த பிறகுதான் இடமாற்றம் பற்றிய பேச்சு எழுகிறது. இந்த வேலைக்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டபிள்யூசஸுடன் சேர்த்தே தரும் டபிள்யூசஸ்யூடில் என்ற கருவியையும் அதன் மூவ்கன்டென்ட் கட்டளையையும் கடலூர் சிப்காட் பகுதியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் பயன்படுத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

கருவிக்குத் தனி விலை இல்லை. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அப்டேட் சர்வீசஸ் ஃபோல்டரில், டூல்ஸ் என்ற பகுதியில் அது இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, புதிய ஃபோல்டரின் பாதையையும் லாக் கோப்பின் பெயரையும் தந்தால் போதும். கோப்புகளைப் புதிய இடத்துக்குப் பிரதி எடுத்து, தரவுத்தளத்தில் பதிந்துள்ள பழைய பாதையைத் திருத்தி, விண்டோஸின் வெப் சர்வரான ஐ.ஐ.எஸ்.ஸில் உள்ள கன்டென்ட் டைரக்டரியையும் புதிய இடத்தை நோக்கி மாற்றிவிடுகிறது. கடைசி இரண்டுமே இதன் உண்மையான மதிப்பு. எக்ஸ்ப்ளோரரில் கோப்புகளை இழுத்துப் போட்டு மாற்றுபவரின் சர்வர், பழைய இடத்திலேயே கோப்புகளைத் தேடிக்கொண்டிருக்கும். பழைய கோப்புகளை இக்கருவி அழிப்பதில்லை என்பதை நான் ஒரு குறையாகக் கருதவில்லை. எல்லாம் சரியாக இயங்குகிறதா என்று பார்த்த பிறகு நாமே நீக்கிக்கொள்ளலாம்.

ஆனால் பிரதி எடுக்கும் வேலையை இதனிடம் முழுவதுமாக ஒப்படைக்க எனக்கு விருப்பமில்லை. மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது, நிரலை நிறுத்த வேண்டாம் என்ற அறிவிப்பு திரையில் நிற்குமே தவிர, எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மீதமுள்ளது என்று தெரியாது. 2011 டிசம்பரில் தானே புயலையும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலையும் கண்ட இந்தக் கடலோரத்தில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யூ.பி.எஸ். தாங்கும் நேரத்தைவிட நூற்றுக்கணக்கான ஜி.பி. கோப்புகளைப் பிரதி எடுக்கும் நேரம் நீளமானது. ஆகவே பிரதி எடுப்பதை விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி என்ற பிரதிக் கட்டளையிடம் கொடுத்துவிட்டு, மூவ்கன்டென்ட்டை, பிரதி எடுப்பதை மட்டும் தவிர்க்கும் ஸ்கிப்காப்பி என்ற தெரிவுடன் இயக்குவதே நல்லது. ரோபோகாப்பி இடையில் நின்றாலும் மறுபடி இயக்கும்போது, ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். ரோபோகாப்பியின் இறுதிச் சுற்றுக்கு முன், அப்டேட்டுகளைத் தானாகப் பெறும் ஒத்திசைவை மேனுவலுக்கு மாற்றிவிட்டால், நடுவில் புதிய அப்டேட்டுகள் வந்து கணக்கைக் குழப்பாது.

இந்த முறையில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. மூவ்கன்டென்ட்டுக்குத் தரும் பாதைக்குள் டபிள்யூசஸ்கன்டென்ட் என்ற துணை ஃபோல்டர் இருக்கும் என்றே கருவி எதிர்பார்க்கிறது. எனவே ரோபோகாப்பியின் சேருமிடம் அந்தத் துணை ஃபோல்டராகவே இருக்க வேண்டும். அடுத்தது அனுமதிகள். புதிய டிரைவ் என்.டி.எஃப்.எஸ். என்ற விண்டோஸ் கோப்பு முறை வடிவில் இருக்க வேண்டும். கன்டென்ட் ஃபோல்டரில் நெட்வொர்க் சர்வீஸ் என்ற விண்டோஸ் கணக்குக்கு முழு உரிமை வேண்டும். அது இல்லையென்றால் கோப்புகள் கண்முன்னே இருந்தும் பதிவிறக்கம் தோல்வியடையும். பின்னர் டபிள்யூசஸ்யூடிலின் ரீசெட் கட்டளையை இயக்கினால், தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உரிய கோப்பு இருக்கிறதா என்று சரிபார்த்து, இல்லாதவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ளும். நேரம் பிடிக்கும், இருந்தாலும் தவிர்க்கக் கூடாத படி இது.

மாற்றத்துக்கு முன்பே, தேவையற்ற அப்டேட்டுகளை நீக்கும் டபிள்யூசஸின் கிளீன்அப் விசார்டை இயக்குவது பெரும் பயன் தரும். தேவையற்ற கோப்புகளைப் புதிய டிரைவுக்குச் சுமந்து செல்வதில் அர்த்தமில்லை. டிரைவர்கள் என்ற வகையையும், அலுவலகத்தில் எவரும் பயன்படுத்தாத மொழிகளையும் அப்போதே நீக்கிவிடலாம்.

கருவியின் பெரிய குறை, தரவுத்தளத்தில் பாதையைத் திருத்தினாலும் தரவுத்தளத்தை அது இடம் மாற்றுவதில்லை என்பது. விண்டோஸுடன் வரும் விண்டோஸ் இன்டர்னல் டேட்டாபேஸைப் பயன்படுத்தும் சர்வர்களில் எஸ்.யூ.எஸ்.டி.பி. என்ற டபிள்யூசஸ் தரவுத்தளம் விண்டோஸ் ஃபோல்டருக்குள், அதாவது சி டிரைவிலேயே, தங்கிவிடுகிறது. அதையும் மாற்ற வேண்டுமானால் சர்வீஸ்களை நிறுத்தி, எஸ்.க்யூ.எல். சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ வழியாகத் தரவுத்தளத்தைக் கழற்றி, புதிய இடத்தில் மீண்டும் இணைக்க வேண்டும். தரவுத்தள வேலையில் பழக்கம் உள்ளவர்கள் மட்டுமே அதில் இறங்கலாம்.

வேறொரு கணினிக்கே சர்வரை மாற்ற நினைப்பவர்களுக்கு மூவ்கன்டென்ட் உரிய கருவி அல்ல. புதுச்சேரியிலும் கடலூரிலும் மழைநீர் புகும் தரைத்தளத்து அறையில் பழைய சர்வரை வைத்திருக்கும் அலுவலகங்கள் புதிய சர்வரை மாடியில் நிறுவும்போது இந்தத் தேவை எழும். புதியதில் டபிள்யூசஸை நிறுவி, பழையதன் ரெப்ளிகாவாக, அதாவது நகல் சர்வராக, அமைத்து ஒத்திசைத்தால், ஒப்புதல்களும் கணினிக் குழுக்களும் கோப்புகளும் இணைய இணைப்பைச் சுமையாக்காமல் உள் வலையமைப்பிலேயே வந்துவிடும். பிறகு ரெப்ளிகா நிலையை விலக்கி, ஒத்திசைவு மூலத்தை மைக்ரோசாஃப்ட் அப்டேட்டுக்கு மாற்ற வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் டபிள்யூசஸுக்குப் புதிய வசதிகள் இனி வராது என்று அறிவித்தது. எனினும் அதன் வழியாக அப்டேட்டுகளை வழங்குவதை நிறுத்தவில்லை. இணைய வேகம் குறைவாகவும் கணினிகள் அதிகமாகவும் உள்ள அலுவலகத்துக்கு இன்றும் இதை நான் பரிந்துரைப்பேன். டிரைவ் மாற்றத்துக்கு ஸ்கிப்காப்பியுடன் கூடிய மூவ்கன்டென்ட்டுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். பிரதி எடுக்கும் வேலையையும் அதனிடமே விட்டால் இரண்டரைக்கு மேல் தர மாட்டேன். சர்வரையே மாற்றுபவர்கள், அலுவலகக் கணினிகளின் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து தீர்மானிக்கும் குரூப் பாலிசியில் புதிய முகவரியை 8530 என்ற போர்ட் எண்ணுடன் தந்த பிறகு, கடைசிக் கணினியும் புதிய கன்சோலில் தோன்றும் வரை பழைய சர்வரை இயக்கத்திலேயே வைத்திருங்கள்.