கப்பலா, கரைத் தொட்டியா?

மாசியில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் முற்றிவிட்டால் வெட்டு மெசின் பிடிப்பது பெரும் பாடு. போன போகத்தில் எங்களுக்கு வருவதாகச் சொன்ன மெசின், ஏக்கருக்குக் கூடக் காசு கிடைத்ததும் வேறு வயலுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து மழை. நெல் படுத்துவிட்டது. வாடகைப் பொருளுக்கு உள்ள ஆபத்து இதுதான். மின் நிலையங்களுக்கு வாயு இறக்க இலங்கைக்கு மிதக்கும் எரிவாயு முனையம் வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்த வயல்தான் என் நினைவில் நிற்கிறது.

இயற்கை வாயுவை மைனஸ் 162 பாகை வரை குளிர்வித்தால் திரவமாகி, ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். அதைத்தான் கப்பலில் ஏற்றுகிறார்கள். (சமையல் சிலிண்டரில் இருப்பது வேறு, அது எல்.பி.ஜி.) வந்து சேர்ந்த இடத்தில் சூடாக்கி மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விட வேண்டும். இதற்குக் கரையில் தொட்டி கட்டலாம். இல்லாவிட்டால், தொட்டியும் சூடாக்கும் கருவியும் உள்ள கப்பலை வாடகைக்கு எடுத்துக் கடலில் கட்டி வைக்கலாம்; அதுதான் மிதக்கும் முனையம்.

வேகத்தில் கப்பலை அடிக்க முடியாது. 2022இல் ரஷ்ய வாயு நின்றபோது ஜெர்மனி வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் ஒரே ஆண்டுக்குள் துறை கட்டிக் கப்பலைக் கொண்டுவந்தது. கரைத் தொட்டி என்றால் நாலைந்து வருடம் போய்விடும். செலவும் பெரிது. கட்டி முடித்தாலும் குழாய் வேண்டும்: கொச்சி முனையம் 2013இல் திறந்தது, மங்களூர் வரையான குழாய் 2021இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட வருடங்களில் அதன் கொள்ளளவில் பெரும்பகுதி சும்மா கிடந்தது.

சரி, புயல் வந்தால்? பங்களாதேஷின் மகேஷ்காலியில் இரண்டு மிதக்கும் முனையங்கள் உண்டு. 2023 மே மாதம் மோக்கா புயலுக்காக இரண்டிலும் வாயுவை நிறுத்தினார்கள். சிட்டகாங்கில் வீட்டு அடுப்புகள் அணைந்தன. மறு வருடம் ரெமால் புயலில் மிதந்துவந்த இரும்பு மிதவை ஒன்று மோதி, ஒரு கப்பல் பழுதுபார்க்கச் சிங்கப்பூர் போனது. திரும்பி வந்து வாயு கொடுக்க மாதங்கள் ஆகின. புயலில் கரை முனையத்துக்கும் கப்பல் அணைய முடியாதுதான், ஆனால் தொட்டியில் இருப்பது இருக்கும். எண்ணூரில் 1,80,000 கன மீட்டர் தொட்டிகள் இரண்டு இருக்கின்றன. மிதக்கும் கப்பல் ஒன்று முழுவதும் கொள்வதே ஏறத்தாழ 1,70,000தான்.

2020 டிசம்பரில் புரேவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி மன்னார்க் கடலுக்குப் போனதைப் பார்த்த எவரும் இதை லேசாக எடுக்க மாட்டார்கள். கொழும்புக்கு வடக்கே மின் நிலையம் உள்ள கெரவலப்பிட்டியவை ஒட்டிய மேற்குக் கடலிலும் தென்மேற்குப் பருவக்காற்றில் அலை பெரிது. அங்கே மிதக்கும் முனையம் வைக்க 2021இல் ஒப்பந்தம் ஆகியும் கப்பல் வரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் கப்பலைத்தான் சொல்வேன். காரணம் எங்கள் மன்னார்க் கடலடிப் படுகை. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் டொராடோ, பாரகுடா என்ற இரண்டு கிணறுகளில் அங்கே வாயு கண்டது. அது என்றைக்காவது கரைக்கு வந்தால், கடன் பட்டுக் கட்டிய இறக்குமதித் தொட்டிக்கு வேலை குறைந்துவிடும். கப்பலென்றால் அனுப்பிவிடலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம், எரிபொருள் வாங்க டொலர் இல்லாததால். அப்படிப்பட்ட நாடு பெரிய கடனில் இறங்குவதற்கு முன் பத்துத் தரம் யோசிக்க வேண்டும்.

ஆனால் வாடகை பேசும்போதே கட்டிப் பேச வேண்டும். மின் நிலையங்களில் மாற்று எரிபொருள் கையிருப்பு கட்டாயம் இருக்க வேண்டும். கப்பலைச் சுற்றிப் படகு போகத் தடை வரும், அதனால் தொழில் இழக்கும் மீனவருக்கு நட்டஈடு முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். அப்புறம், வேறு நாடு கூட வாடகை தருகிறது என்று கப்பல் நடுவில் கிளம்பினால் தண்டம் எவ்வளவு, பழுதானால் மாற்றுக் கப்பல் எத்தனை நாளில் வரும்? ஒப்பந்தம் என் கையில் கிடைத்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.