டிஏஆர் உள்ளூர் கிளை: உறுப்பினராக முடியாதவளின் பார்வையில்

டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன், சுருக்கமாக டிஏஆர், 1890இல் தொடங்கிய பெண்கள் சங்கம். எனக்கு அதில் இடமில்லை. 18 வயது நிரம்பிய பெண்ணாக இருந்தால் மட்டும் போதாது, அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவிய ஒருவரின் நேரடி வாரிசு என்று தலைமுறைக்குத் தலைமுறை பிறப்பு, திருமண, இறப்பு ஆதாரங்களைக் காட்டி நிரூபிக்க வேண்டும். அந்த முன்னோர் துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டும் என்பதில்லை, படைக்குத் தானியம் கொடுத்தவரும் கணக்கில் வருவார். அப்பா வழியா அம்மா வழியா என்றும் பார்ப்பதில்லை. அதனால் பழைய அமெரிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நம் பெண்ணின் மகள் தாராளமாகச் சேரலாம், அம்மா வெளியே நிற்க வேண்டியதுதான்!

சரி, சேர முடியாதவர்களுக்கு அங்கே என்ன வேலை? எனக்குப் பிடித்தது கட்டுரைப் போட்டி. ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை யாரும் எழுதலாம், வம்சாவளி கேட்பதில்லை. பல ஆண்டுகளில் தலைப்பே அந்தக் காலத்து ஆளாகத் தன்னை நினைத்து எழுதச் சொல்வதுபோல இருக்கும், கூடவே எந்தெந்தப் புத்தகத்தைப் பார்த்தோம் என்று பட்டியலும் தர வேண்டும், அதனால் என் மகள் இணையத்தில் வெட்டி ஒட்டும் பழக்கத்தை விட்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தாள், அதற்காகவே இவர்களுக்கு ஒரு கும்பிடு. குடியுரிமை உறுதிமொழி விழாக்கள் பலவற்றிலும் இவர்கள் வந்து கொடி கொடுத்து வரவேற்கிறார்கள். முன்னோர்களைத் தேடும் தகவல் தளமும் இலவசம், பொழுது போவதே தெரியாது.

ஆனால் பழைய கதை ஒன்று உண்டு. 1939இல் மரியன் ஆண்டர்சன் கறுப்பினப் பாடகி என்பதால் வாஷிங்டனில் உள்ள தங்கள் அரங்கமான கான்ஸ்டிடியூஷன் ஹாலைத் தர மறுத்தார்கள். அன்றைய அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அதை எதிர்த்துச் சங்கத்திலிருந்தே விலகினார், ஆண்டர்சன் லிங்கன் நினைவகத்தின் படிகளில் 75,000 பேர் முன்னால் பாடினார். 1943இல் அதே ஹாலில் அவர் பாடினார், பிற்பாடு சங்கமும் வருத்தம் தெரிவித்தது, அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் தேசபக்தி பேசும் சங்கத்திடம் அப்போதே வேறு மாதிரி எதிர்பார்த்திருக்கலாம், அப்புறம் பரவலாக அறியப்பட்ட முதல் கறுப்பினப் பெண் உறுப்பினராக 1977 ஆனது என்பதும் எனக்கு உறுத்துகிறது.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. கட்டுரைப் போட்டியின் கடைசித் தேதியை அந்தந்தக் கிளையிடம்தான் கேட்க வேண்டும், பள்ளி திறந்ததுமே கேட்டுவிடுங்கள்.