பேட்டரி தீரவில்லை, கிலோமீட்டர்தான் தீர்ந்தது

மூன்று வருட லீஸில் எடுத்த எலெக்ட்ரிக் காரைத் திருப்பிக் கொடுக்க இன்னும் இரண்டே மாதம். எடுத்த முதல் வாரத்திலேயே "எப்படி இருக்கு?" என்று கேட்டவர்களிடம் "ரெண்டு வருஷம் ஆகட்டும், சொல்றேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லலாம். எந்தக் கம்பெனி கார், லீஸ் கொடுத்தது யார் என்பதை விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் அநேகமாக இந்த வகைக் கார் எதற்கும், இந்த வகை ஒப்பந்தம் எதற்கும் பொருந்தும்.

முதலில் கணக்கு. வீட்டிலிருந்து அலுவலகம் 23 கிலோமீட்டர், போக வர 46. மாதம் 22 நாள் என்றால் 1,012. ஒப்பந்தப்படி ஓட்டக்கூடியது வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர், மூன்று வருடத்துக்கு 45,000. கையெழுத்துப் போடும்போது தாராளமாகத்தான் தெரிந்தது. அலுவலகத்துக்கே வருடத்தில் 12,144 போய்விடும், மற்ற எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 2,856தான் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். எழுதிப் பார்க்கவில்லை. அப்போது என் கவலை முழுக்க பேட்டரி மேல் இருந்தது.

அந்தக் கவலை எவ்வளவு வீண் என்பதை இரண்டே வாரத்தில் கார் காட்டிவிட்டது. பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 50 கிலோவாட் மணி, அதாவது கரண்ட் பில்லில் வரும் 50 யூனிட். டிராஃபிக்கில் மெதுவாகப் போகும் என் ஓட்டத்துக்கு 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் ஆகிறது, அதாவது முழு சார்ஜில் 330 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு நாள் போய் வந்தால் ஏழு யூனிட். முதல் வாரம் மட்டும் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் சதவீதத்தைப் பார்த்தேன், ஏசியை அணைத்துவிட்டு வியர்த்து வழிந்தேன், எல்லாம் செய்தேன். அப்புறம்தான் கவனித்தேன், நகராமல் நிற்கும் கார் கிட்டத்தட்ட எதையுமே சாப்பிடுவதில்லை. ஒரு மணி நேரம் நெரிசலில் சிக்கிக்கொண்டாலும் ஏசிக்குப் போவது ஒரு யூனிட், மிஞ்சினால் ஒன்றரை. பேட்டரியில் இரண்டு மூன்று சதவீதம். பெட்ரோல் காரில் நெரிசல் என்றால் காசு எரிகிறது, இதில் நேரம் மட்டும்தான் வீணாகிறது.

நெடுஞ்சாலை வேறு கதை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது, 120இல் போனால் அதே 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் கேட்கிறது, ரேஞ்ச் 250க்கு இறங்கிவிடுகிறது. எதிர்க்காற்றும் மழையும் சேர்ந்தால் இன்னும் குறையும். சான்றிதழில் போட்டிருக்கும் எண் ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது, அதை நம்பி ஊருக்குக் கிளம்பாதீர்கள். ஆனால் இது தினசரி அலுவலக ஓட்டம் பற்றிய விமர்சனம், அதில் நெடுஞ்சாலைக்கு வேலையில்லை.

சார்ஜ் விஷயத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், சுவரில் மாட்டும் தனிச் சார்ஜரை வாங்காமல் இருந்தது. கார் மூன்று வருடத்தில் போய்விடும், சார்ஜர் சுவரில் தங்கிவிடும், அடுத்த கார் எதுவென்று தெரியாது, இந்த வீட்டிலேயே இருப்போமா என்பதும் தெரியாது. காரோடு வந்த ஒயரைச் சாதாரண பிளக்கில் செருகினால் 230 வோல்ட்டில் 10 ஆம்பியர், 2.3 கிலோவாட். ஏழு யூனிட் ஏற்ற, வழியில் வீணாவதையும் சேர்த்து, மூன்றரை மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குச் செருகினால் ஒன்றரைக்கெல்லாம் முடிந்துவிடும். இதற்கு எதற்குத் தனிச் சார்ஜர்? ஒன்றே ஒன்று, பழைய பிளக் பாயிண்டை நம்பாதீர்கள். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் இழுக்கும் கரண்ட்டை இது மணிக்கணக்கில் இழுக்கிறது. மூன்றாவது நாளே பிளக்கைத் தொட்டால் சுட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்து, 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றைப் புதிதாகப் போட்ட பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு ஒயருக்கு அனுமதி வாங்குவதுதான் மொத்தக் கதையிலேயே கடினமான பகுதி. "தம்பி, ராத்திரி பூரா ஓடுதே, யாரு பில்லு?" என்று கேட்ட பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் மீட்டரைக் காட்டி விளக்க வேண்டியிருந்தது. அவருக்கு இன்னமும் சந்தேகம் தீரவில்லை என்று நினைக்கிறேன்.

பொது இடத்து வேகச் சார்ஜர்களை 34 மாதத்தில் எட்டு ஒன்பது முறை பயன்படுத்தியிருப்பேன். ஒன்று வேலை செய்யவில்லை, ஒன்றில் வேறொரு கார் சார்ஜ் முடிந்தும் நகராமல் நின்றது. 80 சதவீதம் வரை விறுவிறுவென ஏறி, அதற்கு மேல் ஆமை வேகம். வீட்டில் பிளக் இல்லாமல் இவற்றை நம்பியே தினமும் ஓட்டுவது என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான்.

ஓட்டும் சுகத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், சத்தமில்லை, பிக்கப் பிரமாதம், சரி. எனக்குப் பிடித்தது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைந்து, அந்த ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புவது. ஒரே பெடலில் முழு ஊரையும் கடந்துவிடலாம். மனைவிக்கு மட்டும் இது ஒத்துக்கொள்ளவில்லை. நான் காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் தலை முன்னால் போய் வர, பத்தாவது நிமிடத்தில் குமட்டுகிறது என்றாள். அவள் ஏறினால் அந்த அமைப்பைக் குறைத்து வைத்துவிடுவேன். இதில் இன்னொன்று, பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் திரும்பி வரும் ஆற்றலை வைக்க இடமில்லை, காலை எடுத்தாலும் கார் பாட்டுக்கு ஓடும். பழகிய கால் ஒரு நொடி திகைக்கும். முதல் தடவை முன்னால் போன வண்டியின் பம்பர் ரொம்பக் கிட்டே தெரிந்தது. பிரேக்குக்கு வேலையே இல்லாததால் டிஸ்க்கில் துரு பிடிக்கிறது, வாரம் ஒருமுறை ஆளில்லாத சாலையில் நாலு தடவை அழுத்திப் பிரேக் பிடியுங்கள் என்று மெக்கானிக் சொன்னார். பேட் தேய்ந்து மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன், தேயாமல் கெட்டுப்போகும் என்பது எனக்குப் புதிது.

ஒரு நாள் காலை கார் செத்துக் கிடந்தது. கீழே 50 கிலோவாட் மணி பேட்டரியில் 70 சதவீதம் இருக்கிறது, கதவு கூடத் திறக்கவில்லை. எல்லாப் பெட்ரோல் காரிலும் இருக்கும் அதே சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் குற்றவாளி. பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் ரிலேக்கள், அதாவது மின் சுவிட்சுகள், வேலை செய்வதற்கே அந்தச் சின்னது வேண்டுமாம். அது போனால் பெரியது இருந்தும் இல்லாத மாதிரிதான். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை எடுத்துக் கதவைத் திறக்கலாம் என்பதையே அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். லீஸ் என்பதால் ஒரு போன், ஆள் வந்து மாற்றிவிட்டுப் போனார், காசு கேட்கவில்லை. இந்த இடத்தில் லீஸுக்கு முழு மதிப்பெண்.

டயரில் அந்த மதிப்பெண்ணைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். பேட்டரி எடையும், தொட்டவுடன் பாயும் திருகு விசையும் சேர்ந்து முன் டயர்களை 31,000 கிலோமீட்டரில் மொழுக்கையாக்கிவிட்டன. பராமரிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு என்று நினைத்துப் போனால், டயர் "சாதாரணத் தேய்மானம்", அது உங்கள் செலவு என்று ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. போகட்டும், மலிவாக ஒன்று போட்டுவிடலாம் என்றால் அதே சுமைக் குறியீடு (டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண்) உள்ள டயர்தான் போட வேண்டும் என்று பத்தாம் பக்கத்தில் இன்னொரு வரி. அது நியாயம்தான், இந்த எடைக்கு வேறு போடக்கூடாது. ஆனாலும் எரிச்சல் வந்தது.

இத்தனைக்கும் நான் லீஸ் எடுத்தது ஏன் என்றால், இந்தக் கார்களின் மறுவிற்பனை விலை என்னைப் பயமுறுத்தியது. மாதத் தொகை எப்படி வருகிறது தெரியுமா? காரின் விலையிலிருந்து மூன்று வருடம் கழித்து அதன் மதிப்பு இவ்வளவு இருக்கும் என்று அவர்கள் ஊகிக்கும் தொகையைக் கழித்து, மீதியை 36 மாதத்துக்குப் பங்கு போட்டு, மேலே வட்டியும் கட்டணமும். அந்த ஊகம் தப்பினால் நஷ்டம் அவர்களுக்கு. பெரிய ஆட்களே இதில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 20,000 எலெக்ட்ரிக் கார்களை விற்றுவிடப் போவதாக 2024 ஜனவரியில் அறிவித்து, மதிப்புச் சரிவுக்காக மட்டும் 24.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. என் ஒப்பந்தத்திலும் கடைசியில் காரை நானே வாங்கிக்கொள்ள ஒரு விலை போட்டிருக்கிறது. இன்றைக்கு இதே மாடல், இதே வயதுக் கார் வெளியே அதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. சொந்தமாக வாங்கியிருந்தால் இந்த இடத்தில் நான் உட்கார்ந்து அழுதிருப்பேன்.

பேட்டரி தேய்ந்துவிடும் என்ற பயமும் இப்படித்தான், எனக்கே சிரிப்பாக இருக்கிறது. பொதுவாக 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதத் திறனுக்கு வாரண்டி கொடுக்கிறார்கள், நான் வைத்திருப்பதோ மூன்று வருடம். என் காரில் இருப்பது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை, தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்துவது அதற்கு நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை என்றால் வாரம் ஒருமுறையாவது முழுதாக ஏற்றச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் எவ்வளவு மிச்சம் என்று காருக்கே சரியாகத் தெரியாமல் போகும். சரி, என்னுடையது இல்லாத பேட்டரியை நான் ஏன் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்? அலுவலக நண்பர் ஒருவர் இதையே கேட்டார். "வாடகை வீட்டுக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?" பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் 80இல்தான் நிறுத்துகிறேன். போன மாத சர்வீஸில் 94 சதவீதத் திறன் மிச்சம் என்று எழுதிக் கொடுத்தார்கள், அடுத்து எடுக்கப்போகிறவர் யாரோ, கொடுத்து வைத்தவர்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1996இல் கொண்டுவந்த இவி1 என்ற எலெக்ட்ரிக் காரை லீஸில் மட்டும்தான் கொடுத்தார்கள். ஓட்டியவர்கள் விலைக்குக் கேட்டும் விற்காமல், திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டார்கள். லீஸ் என்றால் கடைசி வார்த்தை யாருடையது என்பதற்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த 2,856 கிலோமீட்டருக்கு வருகிறேன். எலெக்ட்ரிக் காரில் ஓட்டும் செலவு இவ்வளவு குறைவு என்று தெரிந்ததும் கை சும்மா இருக்காது. முன்பெல்லாம் "போகணுமா?" என்று யோசித்த இடத்துக்கெல்லாம் இப்போது சாவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். யாரைக் கூட்டிவரவும் கொண்டுவிடவும் நானே முன்வந்தேன். 20ஆவது மாதம் எதேச்சையாகக் காரின் மீட்டரைப் பார்த்தால் 29,400 கிலோமீட்டர். அந்த நாளில் இருந்திருக்க வேண்டியது 25,000. வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அவர்கள் போடும் அபராதத்தில் வீட்டில் சார்ஜ் செய்து பத்து கிலோமீட்டர் ஓட்டலாம். நடுவில் வரம்பைக் கூட்ட முடியுமா என்று கேட்டேன். மூன்று முறை எழுதி, ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது, முடியும், மீதி மாதங்களுக்குத் தொகை இவ்வளவு ஏறும் என்று. அது அபராதத்தைவிடப் பெரிதும் குறைவில்லை. லீஸ் எடுக்கப் போகிறவர்கள் காரின் ரேஞ்சைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் பாதியை இந்த ஒரு விதியைப் பற்றிக் கேளுங்கள், கையெழுத்துக்கு முன்னால், எழுத்தில்.

அன்றிலிருந்து பழைய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தூசு தட்டி எடுத்தேன். கடைக்கு ஸ்கூட்டர், பல் டாக்டரிடம் ஸ்கூட்டர், மழையில் கூட ஸ்கூட்டர். சத்தமில்லாத, புகையில்லாத கார் நிழலில் படுத்துக்கொள்ள, அதன் கிலோமீட்டரை மிச்சம் பிடிக்க நான் புகை விட்டுக்கொண்டு போகிறேன். மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

34ஆவது மாதம் முடிந்திருக்கிறது. மீட்டரில் 43,100, மிச்சம் 1,900. இரண்டு மாதம் அலுவலகம் மட்டும் போய் வந்தாலே 2,024 ஆகிவிடும். அதனால் மூன்று நாள் லீவு போட்டிருக்கிறேன், 138 குறையும். மேலாளரிடம் சொந்த வேலை என்று சொன்னேன், பொய் இல்லையே. அப்படியானால் கடைசி நாள் கையில் 14 கிலோமீட்டர் இருக்கும். காரை ஒப்படைக்க வேண்டிய யார்டு வீட்டிலிருந்து 11 கிலோமீட்டர். திரும்பி வர பஸ் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.