விறகு ஸ்டாண்டுடன் மூன்று பனிக்காலம்

கொடைக்கானல் நண்பர் போன வாரம் போனில் கேட்டார். "உங்க வீட்டுப் பின்னாடி இருக்கற விறகு ஸ்டாண்டு நல்லாத்தானே இருக்கு? அளவு அனுப்புங்க, நானும் அதே மாதிரி அடிச்சுக்கறேன்." நல்லாத்தான் இருக்கு என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை. ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவில் மூன்று பனிக்காலம் அதோடு பழகிவிட்டேன்.

8 அடி நீளம், 2 அடி அகலம், 5 அடி உயரம். இரும்பு ஆங்கிள் சட்டம். ஹாலோ பிளாக் வைத்துத் தரையிலிருந்து 8 அங்குலம் தூக்கியிருக்கிறது. அடியில் பலகை கிடையாது, இடைவெளி விட்டு பைப் மட்டும். முதுகு மேற்கே. ஜூன், ஜூலையில் சாரல் அங்கிருந்துதான் பாயும் என்பதால் அந்தப் பக்கம் ரீப்பர்களை நெருக்கி அடித்தோம், காற்று நுழைய விரலளவு சந்து விட்டு. திறந்த முகம் கிழக்கே, காலை வெயிலுக்கு. ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வருமே என்று முன்பக்கம் கூரைத் தகரத்தை ஒன்றரை அடி நீட்டிவிட்டோம்.

இதற்கு முன் தார்ப்பாய்தான். தரைவரை இழுத்து மூடிவிடுவோம். மழை உள்ளே போகாது, விறகின் ஈரமும் வெளியே போகாது. மார்கழியில் திறந்தால் பூஞ்சை வாடைதான் முதலில் முகத்தில் அடிக்கும். ஸ்டாண்டு வந்த பிறகு அந்தக் கதை முடிந்தது. பிப்ரவரியில் வாங்கிய பச்சைச் சீகை (வாட்டில்) மரத்தைப் பிளந்து அடுக்கினேன். நவம்பரில் ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் ஈரமானியைக் குத்தினால் 17 சதவீதம் காட்டியது. 20-க்குக் கீழே வந்தாலே நன்றாக எரியும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் டங் என்று மணிபோல ஒலிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே சில நாள் அடுக்குக்கு முன் நின்று தட்டிப் பார்ப்பேன். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) மட்டும் அடம். இரண்டாம் வருடமும் 20-க்கு மேலேதான். அதைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்துவிட்டால் முறுக்கிய நாரில் கோடாலி இறங்காது.

இவ்வளவும் இருக்க, என் கோபம் முழுக்க அந்தத் தகரத்தின் மேல்தான்.

முதல் வருட ஜனவரியில் மேல் வரிசையின் ஒவ்வொரு கட்டையிலும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. 8 அடிக்கும் நூல் பிடித்தது போல ஒரே நேர்கோடு. ஆணித் துளை ஒழுகுகிறது என்று நினைத்து எல்லாத் துளையையும் சிலிக்கானால் அடைத்தேன். கோடு நிற்கவில்லை. மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது. ஒருநாள் விடியற்காலை ஆறு மணிக்கு டார்ச்சோடு போய்க் கூரைக்கு அடியில் பார்த்தேன். தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாக உறைபனி.

மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. பள்ளத்தாக்கின் ஈரமும் விறகு விடும் ஈரமும் அதன் அடியில் படிந்து உறைகின்றன. எட்டு மணி வெயில் பட்டதும் உருகி, நெளிவுகளின் வழியே சரிவில் இறங்கி வருகிறது. நடுவில் குறுக்கே போட்ட ஆங்கிளில் முட்டி அங்கேயே சொட்டுகிறது. அதுதான் அந்தக் கோடு. வெளியே பளீரென்று வெயில், உள்ளே டக் டக் என்று தண்ணீர்.

நனைந்த கட்டை ஒன்று கணப்பில் போனாலே அறை புகைந்துவிடும். அம்மாவுக்கு இளைப்பு உண்டு. "ஏம்ப்பா, இன்னைக்கும் மேல் வரிசையா எடுத்தே?" என்று இருமிக்கொண்டே கேட்பார். அந்த இருமலைக் கேட்ட பிறகு மற்ற எந்த நன்மையும் என் கணக்கில் நிற்பதில்லை.

தெர்மாகோல் ஒட்டினேன், ஜூன் சாரலில் பசை விட்டுக் கழன்றது. பிறகு தகரத்துக்கு ஓர் அங்குலம் கீழே மூங்கில் தட்டியைக் கம்பியால் கட்டினேன். இது பெரிய உதவி. சொட்டைத் தாங்கிக்கொண்டு மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. நீர்ப்பனி விழும் நவம்பர் முழுக்கக் கோடே இல்லை. ஆனால் உறைபனி தொடர்ந்து நாலு நாள் விழுந்தால் தட்டியே ஊறி அதன் ஓரத்தில் சொட்டுகிறது. இந்த வாரம் அவிழ்த்துப் பார்த்தேன், தட்டியில் பூஞ்சை.

வெல்டிங் பட்டறைக்காரர் "தகரம் போதும் சார்" என்றார். மழைக்குப் போதும்தான். மூன்று மழைக்காலத்தில் ஒரு துளி உள்ளே இறங்கியதில்லை, சட்டமும் ஓர் இழை அசையவில்லை. அந்த வேலையில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் நண்பரிடம் சொன்னேன், இதே மாதிரி கட்டவே கட்டாதீர்கள் என்று. அவர் வீடும் ஏரிப் பக்கம், உறைபனி விழும் இடம்.

பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை ஓட்டுக் கூரை. இன்று காலை எங்கள் தகரம் சொட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் போய் ஓட்டின் அடியில் கையை வைத்துப் பார்த்தேன். ஈரமே இல்லை. நண்பருக்கு எல்லா அளவும் அனுப்பிவிட்டேன், கூரை வரியை மட்டும் அடித்துவிட்டு. மாசி பிறந்ததும் எங்கள் தகரமும் இறங்குகிறது.